கியர் பெட்டியின் சூடு யாருக்குத் தெரியும்?

(தோட்ட லோரி, பிக்-அப் ஓட்டுநர்களுக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, டீசல் வண்டியின் ஆட்டோ கியர் பெட்டியில் சூட்டு மீட்டருக்கான சென்சாரைப் பொருத்துவது எப்படி என்பது. "கிராணிக்கும் கியர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு, ஐயா. வண்டி ஓடும்போது டிரைவர் கையில் இருக்கிறது. பழுதானால் மெக்கானிக் கைக்குப் போகிறது. யார் குற்றம் என்று கடிதம் எழுதும்போது கிராணி மேசைக்கு வந்து சேருகிறது. அந்தக் கடிதம் நியாயமாக இருக்க வேண்டுமானால், பழுதாவதற்கு முன் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம்மில் வயதானவர்களுக்கு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி நினைவிருக்கும். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அறிய, அதைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். பாலை நன்றாகக் கலக்கிவிட்டுப் போட்டால் ஒரு கணக்கு. கலக்காமல் போட்டால் வேறு கணக்கு. நுரையை வழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு கோடு. நுரையோடு பார்த்தால் வேறு கோடு. கருவியும் ஒன்றுதான், பாலும் ஒன்றுதான். பார்க்கும் விதம் மாறினால் வெட்டுக்காரரின் கூலியும் மாறிவிடும். கருவி இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது, அதை வைக்கும் விதத்திலேதான் நியாயம் இருக்கிறது என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கியர் பெட்டி மீட்டரும் அப்படித்தான். சென்சார் எங்கே இருக்கிறது, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஊசி காட்டும் எண்ணுக்கு மதிப்பு உண்டு.

சூடு எங்கிருந்து வருகிறது?

கிளச் மிதி உள்ள வண்டியில் எஞ்சினும் கியர் பெட்டியும் தட்டோடு தட்டாகப் பற்றிக்கொள்கின்றன. ஆட்டோ வண்டியில் அப்படி இல்லை. நடுவிலே டோர்க் கன்வெர்ட்டர் என்ற பெரிய உருண்டை இருக்கிறது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிடுங்கள். அது தள்ளும் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால் அதுதான் கன்வெர்ட்டர். எர்மன் பொட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ஆம் ஆண்டு கப்பல்களுக்காகக் கண்ட யோசனை இது. 1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஆட்டோ கியர் பெட்டியைப் பெருமளவில் செய்து கார்களில் வைத்தது. அந்தப் பெட்டியில் இருந்தது கன்வெர்ட்டருக்கு முன்னோடியான எண்ணெய் இணைப்பு. கன்வெர்ட்டர் பின்னால் வந்து நிலைத்தது.

எஞ்சின் பக்கத்து விசிறி வேகமாகவும் கியர் பக்கத்து விசிறி மெதுவாகவும் சுழன்றால், இடையிலே வீணாகும் சக்தி எங்கே போகிறது? அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. சமதரைச் சாலையில் வேகம் எடுத்த பிறகு, உள்ளே இருக்கும் ஒரு பூட்டு இரண்டு விசிறிகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். அப்போது சூடு குறையும். ஆனால் நமது செம்மண் பாதையில், மழைக்குப் பிறகு, பின்னால் சுமையோடு ஓட்டமும் நடையுமாக ஏறும்போது அந்தப் பூட்டு விழாது. வேகம் இல்லாததால் கூலருக்குக் காற்றும் போதாது. மேட்டில் நின்றபடி பிரேக்கைப் பிடிக்காமல் எண்ணெய் மிதியை அழுத்தியே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறோமே, அப்போது எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும் அந்தச் சில லிட்டர் எண்ணெயைக் காய்ச்சுவதற்குத்தான் போகிறது.

அந்த எண்ணெய்க்கு நான்கு வேலை. சக்தியைக் கடத்த வேண்டும். உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். பற்சக்கரங்களுக்கு வழுக்கல் தர வேண்டும். சூட்டைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோக வேண்டும். சூடு மிஞ்சினால் நான்கும் ஒன்றாகக் கெடும். பெரும்பாலான பெட்டிகளில் சிவப்பாக ஊற்றிய எண்ணெய் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடிக்கும்.

ரப்பர்க்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. பெட்டிக்குள் எண்ணெயை அடைத்து நிறுத்தும் சீல்கள் நமது மரத்துப் பாலில் செய்தவை அல்ல. இயற்கை ரப்பர் இந்த மாதிரி எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். ஆகவே எண்ணெய்க்குத் தாங்கும் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அந்தச் செயற்கை ரப்பருக்கும் சூடுதான் எமன். வெந்து இறுகிக் கட்டையாகிப்போனால் எண்ணெயைப் பிடிக்காது, அழுத்தம் குறையும், தட்டு வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடு.

பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 80 டிகிரி செல்சியஸ் வரையில் எண்ணெய் தன் முழு ஆயுளும் உழைக்கும். அதற்கு மேல் ஏறத்தாழ 11 டிகிரிக்கு ஒரு தடவை ஆயுள் பாதி பாதியாகக் குறையும். 115 டிகிரி வாக்கில் உள்ளே அரக்குப் போன்ற படிவு உண்டாகும். 127-இல் சீல்கள் இறுகும். 146-இல் தட்டுகள் வழுக்கும். 157-இல் சீலும் தட்டும் கருகும். ஒவ்வொரு வண்டிக்கும் இது இம்மியும் பிசகாமல் பொருந்தும் என்பதில்லை. ஆனால் போகும் திசை இதுதான்.

இவ்வளவும் நடக்கும்போது டிரைவர் கண் முன்னால் இருக்கும் மீட்டர் என்ன காட்டுகிறது? அது எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிறது. கியர் பெட்டிக்கு எத்தனையோ வண்டிகளில் ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அந்த விளக்கு எரியும்போது கேடு தொடங்கி வெகு நேரமாகியிருக்கும்.

ஒரு தோட்டத்தில் நடந்தது

தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். மழைக்காலம். தினமும் சுமையோடு அதே மேடு. ஆட்டோ பிக்-அப். "வண்டியில் தீய்ந்த வாடை வருகிறது" என்று டிரைவர் இரண்டு தடவை மேலாளிடம் வாயால் சொன்னார். மூன்றாவது வாரம் கியர் விழாமல் வண்டி மேட்டிலே நின்றுவிட்டது. "கண்டபடி ஓட்டிப் பெட்டியை எரித்துவிட்டாய், காரணம் காட்டு" என்று அவருக்குக் கடிதம் போயிற்று. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அவர் சொன்னதற்கு ஏட்டில் ஒரு வரி இல்லை. பெட்டியின் சூட்டுக்கு ஓர் எண் இல்லை. கூலர் அடைத்திருந்ததா, எண்ணெய் குறைந்திருந்ததா, ஓட்டியதில் பிழையா என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியவில்லை. முடிவில் ஸ்டியரிங் பிடித்த கை மறுபடியும் காட்டு வேலைக்குப் போயிற்று.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு எல்லை கட்டியிருக்கிறது. ஆனால் ஒருவருடைய நல்ல பெயரில் பிடிப்பதற்கு எந்தச் சட்டம் எல்லை கட்டும்? அதற்கு எண்தான் வேண்டும், ஏடுதான் வேண்டும்.

சென்சாரை எங்கே வைப்பது?

எண்ணெய் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் இடம் தானே புரியும். கன்வெர்ட்டரில் காய்ந்த எண்ணெய் குழாய் வழியாகக் கூலருக்குப் போகிறது. கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளும் இருக்கலாம், முன்னால் தனியாகவும் இருக்கலாம். அங்கே ஆறிய எண்ணெய் திரும்பி வந்து பற்சக்கரங்களை நனைத்து, அடித்தட்டில் விழுகிறது. பம்ப் அதை மறுபடியும் உறிஞ்சுகிறது. ஆக, சென்சாருக்கு மூன்று இடங்கள்.

முதலாவது, அடித்தட்டு. இங்கே வைத்தால் பெட்டி முழுவதற்கும் பொதுவான சூடு தெரியும். ஊசி நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். தினசரிக் கணக்குக்கு இதுவே நம்பகமான இடம். இதற்குத் தட்டைக் கழற்றி, துளையிட்டு, மரையுள்ள உலோகக் குமிழ் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். அல்லது மரைத்துளையோடு விற்கும் வேறு தட்டை வாங்க வேண்டும். துளை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பில்டரில் இடிக்கக் கூடாது. வெளியே கல்லும் கட்டையும் தட்டும் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

இரண்டாவது, பெட்டியிலிருந்து கூலருக்குப் போகும் சூட்டுக் குழாய். இங்கே வைத்தால் கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் சூடு அந்தக் கணமே தெரியும். மேட்டில் ஊசி துள்ளும். சமதரைக்கு வந்ததும் இறங்கும். டிரைவரை உடனே எச்சரிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கூலரிலிருந்து திரும்பி வரும் குழாயில் தவறிப்போய் வைத்தால், ஆறிய எண்ணெயின் சூட்டைக் காட்டி நம்மைத் தூங்க வைத்துவிடும். எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். வண்டி ஓடிவந்து நின்றதும் வெளியிலிருந்து சூடு பார்க்கும் கருவியைக் காட்டினாலும் வித்தியாசம் தெரியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, அழுத்தம் பார்ப்பதற்காகப் பெட்டியின் பக்கத்தில் விட்டிருக்கும் துளை. அதன் அடைப்பைக் கழற்றிவிட்டுச் சென்சாரைச் செருகலாம். வேலை சுலபம். ஆனால் அங்கே எண்ணெய் ஓடுவதில்லை, முட்டி நிற்கிறது. ஆகவே ஊசி பின்தங்கியே நகரும். சில பெட்டிகளில் ரிவர்ஸ் கியர் போடும்போது அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பௌண்டைத் தாண்டுவதும் உண்டு. அதைத் தாங்கும் சென்சார்தானா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இந்த வேலை மிகுதியாக நடக்கும் நாடு அமெரிக்கா. அங்கே டீசல் பிக்-அப்பில் கனத்த இழுவண்டியைக் கட்டிக்கொண்டு மலைச் சாலை ஏறுகிறார்கள். 1989 முதல் கம்மின்ஸ் டீசல் எஞ்சினோடு வந்த டோட்ஜ் வண்டியும், ஃபோர்ட் டீசல் வண்டியும் இதற்குப் பேர்போனவை. எஞ்சினுக்கு இழுவை அதிகம். பெட்டிதான் முதலில் சோர்ந்துபோகும். சென்சாருக்கு எந்த இடம் நல்லது என்று அந்த நாட்டு டிரைவர்கள் பல காலமாக வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். நான் அறிந்தவரையில் அந்த வாதத்தின் சாரம் இதுதான்: இரண்டு மீட்டர் வைக்க வசதி இருந்தால் தட்டில் ஒன்றும் சூட்டுக் குழாயில் ஒன்றும் வையுங்கள், ஒன்றுதான் முடியும் என்றால் எங்கே வைத்தோம் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2000-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் தொழிற்சாலையே பெட்டிக்குள் ஒரு சென்சாரை வைத்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சொருகியில் சிறிய கருவி ஒன்றைச் செருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சொல்லிவிடும். உங்கள் வண்டி அத்தகையதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியிருந்தால் துளையும் வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம்.

வாங்கும்போது

மீட்டரையும் சென்சாரையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சாரைக் கட்டினால், ஊசி ஆடும், உண்மை வராது. வழக்கமான சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். எந்தச் சூட்டுக்கு எவ்வளவு தடை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பிக்-அப் 12 வோல்ட்டு. பெரிய லோரிகள் பல 24 வோல்ட்டு. வோல்ட்டைப் பார்க்காமல் மீட்டர் வாங்காதீர்கள்.

மரையைப் பாருங்கள். அமெரிக்கச் சென்சார்களில் சாதாரணமாக வரும் கால்வாசியில் பாதி, அதாவது எட்டில் ஓர் அங்குலக் குழாய் மரைக்கு, அங்குலத்துக்கு 27 சுற்று, 60 டிகிரிச் சாய்வு. பிரிட்டிஷ் மரைக்கு 28 சுற்று, 55 டிகிரி. ஜப்பானிய வண்டிகளில் இந்தப் பிரிட்டிஷ் மரையோ மில்லிமீட்டர் மரையோ வருவதுண்டு. 27-க்கும் 28-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அதற்கு மேல் ஸ்பானரால் திருகினால் அலுமினியப் பெட்டியின் மரை போய்விடும். ஒரு சிறு சென்சாருக்காக ஒரு பெட்டியைப் பலி கொடுக்கக் கூடாது. மரை அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

வண்டி தோட்டத்துச் சொத்து. துளையிடுவதற்கு முன்னால் மானேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உத்தரவாதக் காலம் தீராத வண்டியானால் விற்றவரையும் கேளுங்கள்.

பொருத்தும் முறை

முதல் வேலை, மாட்டுவதற்கு முன்னாலேயே சோதிப்பது. மீட்டருக்குப் பேட்டரி மின்சாரம் கொடுங்கள். சென்சாரின் உடம்பைப் பேட்டரியின் எர்த்தோடு ஒரு வயரால் இணையுங்கள். சென்சாரின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். கடற்கரையோரத் தோட்டத்தில் ஊசி 100 டிகிரி காட்ட வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமானால், 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். அங்கே 95 காட்டினால் அதுதான் சரி. எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

இரண்டாவது, உயிர்ப் பாதுகாப்பு. வண்டி சமதரையில் நிற்கட்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகே உள்ளே போங்கள். பெட்டி ஆறட்டும், 90 டிகிரி எண்ணெய் கையில் கொட்டினால் தோல் உரிந்து வரும். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். இரண்டு பேட்டரி உள்ள வண்டியானால் மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டோமா என்று பாருங்கள். வடித்த எண்ணெயைப் பாத்திரத்தில் பிடியுங்கள். கால்வாயில் விட்டால் லயத்துப் பிள்ளைகள் குளிக்கும் ஆற்றுக்குத்தான் போகும்.

மூன்றாவது, அடித்தட்டில் வைப்பதானால் தட்டைக் கழற்றியதும் அதிலிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற மெல்லிய பொடி சாதாரணம். பிசிறும் துண்டும் இருந்தால் பெட்டிக்குள் முன்பே தேய்மானம் உண்டு. அதை அன்றைக்கே ஏட்டில் எழுதுங்கள். பற்றவைப்பைத் தட்டைத் தனியே எடுத்துவைத்துச் செய்ய வேண்டும். வண்டியில் மாட்டியபடி செய்யவே கூடாது. துளையின் பிசிறையும் தீப்பொறித் தூளையும் துடைத்துக் கழுவுங்கள். பில்டரையும் பாக்கிங்கையும் புதிதாகப் போடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்குங்கள்.

சூட்டுக் குழாயில் வைப்பதானால், அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் மும்முனை இணைப்பைப் போடுங்கள். சென்சாரின் மூக்கு எண்ணெய் ஓட்டத்தில் நனைய வேண்டும். ஆனால் வழியை அடைக்கக் கூடாது. கூலருக்குப் போகும் எண்ணெயைக் குறைத்துவிட்டுச் சூட்டை அளப்பது, சோற்றைக் குறைத்துவிட்டு எடை பார்ப்பது போன்றது.

நான்காவது, எர்த். பல பேர் வேலை கெடுவது இங்கேதான். ஒற்றை வயர்ச் சென்சாருக்கு மற்ற வயர் அதன் உடம்பேதான். மரை வழியாகப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து வண்டியின் உடம்புக்கும் மின்சாரம் போக வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைக் கட்டுக் கட்டாகச் சுற்றினால் அந்த வழி அடைந்துவிடும். குறைவாகச் சுற்றி, முதல் மரையை வெறுமையாக விடுங்கள். பிறகு டெஸ்ட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு ரப்பர் ஹோஸுக்கு நடுவே சென்சாரை வைத்தால் எர்த்தே கிடையாது. ரப்பர் மின்சாரத்தை விடாது என்று ரப்பர்த் தோட்டத்தில் சொல்லவும் வேண்டுமா? அங்கே இணைப்பிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஓர் எர்த் வயர் கட்டுங்கள்.

எர்த் சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? தடை கூடும். தடை கூடினால் மீட்டர் அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். பெட்டி வெந்துகொண்டிருக்கும், ஊசி "எல்லாம் சுகம்" என்று சொல்லும். மீட்டர் இல்லாத வண்டியில் டிரைவராவது பயந்து ஓட்டுவார். பொய் சொல்லும் மீட்டர் உள்ள வண்டியில் நம்பி ஓட்டுவார்.

ஐந்தாவது, முடுக்கும் அளவு. கூம்பு மரை ஆப்பு மாதிரி. முடுக்க முடுக்க வெளியே தள்ளும். கையால் இறுகிய பிறகு ஸ்பானரால் சுமார் ஒரு சுற்று போதும். கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம். பலத்தைக் காட்டினால் அலுமினியம் விரிசல் விடும்.

ஆறாவது, வயர். புகைக்குழாய், டர்போ, சுழலும் தண்டு ஆகியவற்றுக்கு எட்டவே கொண்டுபோங்கள். நெளி குழாய் மாட்டி, சாண் இடைவெளியில் கட்டுங்கள். எஞ்சினுக்கும் டிரைவர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை விடாதீர்கள்; தகட்டின் விளிம்பு கத்தி. மீட்டருக்கு நான்கு இணைப்புகள்: சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம், எர்த், சென்சார் வயர், இரவு விளக்கு. மின்சார வயரில் கம்பெனி சொன்ன அளவுக்குச் சிறிய பியூஸ் ஒன்று கட்டாயம்.

ஏழாவது, கடைசிச் சோதனை. எண்ணெயைக் கையேட்டில் சொன்ன வகையும் அளவுமாக ஊற்றுங்கள். அளவு பார்ப்பதற்கும் முறை உண்டு. நான் சொன்ன டோட்ஜ் பெட்டிகளில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு பல வண்டிகளில் பார்க்கிங்கில். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் குறிப்பிட்ட சூட்டில் அடைப்பைக் கழற்றித்தான் பார்க்க முடியும். பிறகு சாவியைப் போடுங்கள். ஒற்றை வயர் ஊசி மீட்டரில் சென்சார் வயரைக் கழற்றினால் ஊசி அடிக்கு விழும். அதை வண்டியின் உடம்பில் தொட்டால் உச்சிக்கு ஏறும். இப்படி ஆனால் வயர் நல்ல வயர். ஆகவே ஓட்டத்தில் ஊசி திடீரென்று அடிக்கு விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். வயர் அறுந்திருக்கலாம், அல்லது சென்சாரை நனைக்க எண்ணெயே இல்லாமல் போயிருக்கலாம்.

ஊசி சொல்வதைக் கேட்பது

தட்டில் வைத்த சென்சாருக்கு 70 முதல் 95 வரை நல்ல நடமாட்டம். 105-ஐத் தாண்டினால் சிறிய கியருக்கு வாருங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் மேட்டுப் பாதைக்கு, மண்ணும் சேறுமாக இருந்தால், தாழ்ந்த கியரைப் போடுங்கள். எஞ்சின் சுழற்சி கூடினாலும் கன்வெர்ட்டர் வழுக்கல் குறையும், சூடும் குறையும். 120 வந்தால் நிறுத்துங்கள். நிறுத்தியதும் எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நின்றுவிடும். எண்ணெய் கூலருக்குப் போகாது. கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடுங்கள். பார்க்கிங்கில் வேண்டாம், முன்னே சொன்ன டோட்ஜ் பெட்டிகளில் பார்க்கிங்கில் நின்றால் கூலருக்கு எண்ணெய் போவதே இல்லை. புகை வந்தாலோ எண்ணெய் ஒழுகினாலோ மட்டும் உடனே அணையுங்கள்.

சூட்டுக் குழாயில் வைத்த சென்சாரானால் மேட்டில் சிறிது நேரம் 120 காட்டினாலும் பதற வேண்டாம். மேடு முடிந்ததும் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்க மறுத்தால் கூலரில் குறை. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அந்த எண்ணே வேதம்.

ஏட்டில் ஒரு வரி

கடைசியாக என் தொழிலுக்கு வருகிறேன். வண்டி ஏட்டின் முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: சென்சார் இருக்கும் இடம், பொருத்திய தேதி, கொதிநீரில் காட்டிய எண். பிறகு நாள்தோறும் ஒரு வரி: தேதி, பாதை, சுமை, அன்றைக்கு ஊசி ஏறிய உச்சம், டிரைவர் கையெழுத்து. கிராணி நண்பர்களே, அந்த வரியை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நமக்கு அரை நிமிட வேலை.

ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அதே பாதை, அதே சுமை. முதல் வாரம் 92, இரண்டாம் வாரம் 97, மூன்றாம் வாரம் 104 என்று ஏறினால் டிரைவர் மாறவில்லை, பெட்டியோ கூலரோ மாறுகிறது என்று குழந்தைக்கும் புரியும். கூலரைச் சுத்தம் செய்து எண்ணெயை மாற்றினால் நிர்வாகத்துக்குப் பெட்டி மிச்சம். டிரைவருக்குப் பெயர் மிச்சம். அதே ஏடு, எவராவது உண்மையிலேயே முரட்டுத்தனமாக ஓட்டினால் அதையும் காட்டும். காட்டட்டும். சாட்சி என்றால் இரு பக்கமும் பேச வேண்டும். நமக்கு வசதியான பக்கம் மட்டும் பேசுவது சாட்சி அல்ல.

இன்று மாலை பட்டறையில் ஒரு பழைய அடித்தட்டையும் இரண்டு வகைச் சென்சாரையும் வைத்திருக்கிறோம். டிரைவர்களும் கிராணிகளும் சேர்ந்தே வந்து பாருங்கள். தாய்மார்களும் வரலாம், உங்கள் பிள்ளைகள் நாளைக்கு இந்த வண்டிகளை ஓட்டப்போகிறவர்கள்தாம். மரைக்கு 27 சுற்றா 28 சுற்றா என்று அவரவர் கையாலேயே அளந்துவிட்டுப் போங்கள்.